கடன் மட்டும்தான் உங்கள் பெயரில் இருக்கப்போகிறதா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 41. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் முடித்த கையோடு கல்யாணமாகி மும்பை வந்துவிட்டார். மூன்றாம் வருடம் போகவில்லை. கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. மாமியாரும் கூடவே இருக்கிறார். ஏழு வருடமாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடியும் உண்டு. அக்கம்பக்கத்து சொசைட்டிகளில் வாட்ஸ்அப் வழியாக ஆர்டர் வருகிறது. தினம் பதினைந்து கிலோ மாவு. மாதம் 60,000 ரூபாய்க்கு விற்றால் செலவு போக 18,000 ரூபாய் நிற்கிறது. சனிக்கிழமைகளில் மாவு தீர்ந்துபோய்ப் பத்துப் பேரையாவது திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறதாம்.

தெரிந்தவர் மூலமாக டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்யும் ஓர் இளைஞர் வந்திருக்கிறார். மாதம் 15,000 ரூபாய், ஆறு மாத ஒப்பந்தம். ரீல்ஸ் எடுப்பார், கூகுளில் கடையைக் காட்டுவார், 300 ஐந்து நட்சத்திர ரிவ்யூ வாங்கித் தருவார். இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தன் மெயில் ஐடியிலேயே தொடங்கியும் விட்டார். வாசகி 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார், ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதே சமயத்தில் போனில் ஒரு பெண் தினமும் கூப்பிடுகிறார்: வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் பி.காம்., மொத்தம் 1,20,000 ரூபாய், மாதம் 5,000 வீதம் 24 தவணை, சலுகை இன்றோடு முடிகிறது. ஆதார், பான் படங்களை அனுப்பியாயிற்று. ஓடிபி மட்டும் இன்னும் சொல்லவில்லை.

சீட்டுப் போட்டு எடுத்த 80,000 ரூபாய் கையில் இருக்கிறது. "தொழிலில் போடட்டுமா, படிப்பில் போடட்டுமா? மகள், 'எல்லாம் ஏஐயே செய்யுதும்மா, இனிமே போய் என்ன படிக்கப் போற?' என்கிறாள். மாமியார், 'பொண்ணு காலேஜ் போற வயசுல நீ போறியா?' என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வங்கி விஷயத்தைப் பேசிவிடுவோம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பெரிய கிரைண்டர் வாங்க ஒரு லட்சம் ரூபாய் கடன் கேட்டுப் போயிருக்கிறீர்கள். அதிகாரி என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு என்று சொன்னீர்கள். அப்புறம் சில காகிதங்கள் கேட்டார், நீங்கள் காட்டினீர்கள், "பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். டிகிரி இல்லாததால்தான் கடன் தரவில்லை என்று அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சிறு தொழிலுக்கான முத்ரா கடனுக்குப் பட்டப்படிப்பு ஒரு தகுதியே இல்லை. அந்தத் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிஷு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் என்று பிரிவுகள் உண்டு. நீங்கள் கேட்ட ஒரு லட்சம் கிஷோரில் வரும். பத்தாம் வகுப்புப் படித்தவர்களும் பள்ளிக்கே போகாதவர்களும் அதை வாங்கித் தொழில் நடத்துகிறார்கள். படிவத்தில் படிப்பு என்று ஒரு கட்டம் இருப்பதால் அதிகாரி கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

அவர் தயங்கியதற்கான காரணம், நீங்கள் காட்டியதாக எழுதியிருக்கும் காகிதங்களிலேயே இருக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கணவர் பெயரில். பணம் வாங்கும் கியூஆர் கோடு கணவரின் சம்பளக் கணக்குக்குப் போகிறது. பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் போன் நம்பரின் சிம் கார்டும் அவர் பெயரில். இப்போது இன்ஸ்டாகிராம் பக்கம் அந்த இளைஞரின் மெயிலில். ஏழு வருடமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தொழில் செய்கிறவர் நீங்கள். ஆனால் அது உங்கள் தொழில் என்று சொல்ல ஒரு காகிதம்கூடக் கிடையாது. வங்கி எதைப் பார்த்துக் கடன் தரும்? இந்த நிலையில் புதிதாக வரும் இரண்டு யோசனைகளிலும் உங்கள் பெயருக்கென்று உடனே வரப்போவது படிப்புக்கான அந்த 24 மாதத் தவணைக் கடன் மட்டும்தான்.

உங்கள் கணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் பான் கார்டு கையில் இருந்தது, அதை வைத்து எடுத்தார்கள், பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். மும்பையில் வீட்டுத் தொழில் செய்யும் தமிழ்ப் பெண்களின் கணக்குகளைப் பார்க்கிற எனக்கு இது அலுக்கும் அளவுக்குப் பழகிய காட்சி. ஆனால் இதைச் சரிசெய்யாமல் எதில் பணம் போட்டாலும் பலன் உங்கள் கைக்கு வராது.

முதல் வேலை: தொழில் உங்கள் பெயருக்கு வரட்டும்

உங்கள் பெயரில் ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மாவுப் பணமும் பொடிப் பணமும் அதில் மட்டும் விழட்டும், அரிசி உளுந்து வாங்குவதும் அதிலிருந்தே போகட்டும். இப்போது கணவரின் கணக்கில் மாதம் 60,000 ரூபாய் சில்லறையாக விழுந்துகொண்டிருக்கிறது. அது என்ன பணம் என்று வருமான வரித்துறை கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கும் இது நல்லதல்ல. உங்கள் கணக்கில் ஓர் ஆண்டு வரவு செலவு ஓடி, உங்கள் பெயரில் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்துவிட்டால், வரி ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும், வங்கியில் நீட்ட ஒரு வருமானச் சான்று கிடைத்துவிடும்.

அடுத்தது உத்யம் பதிவு. சிறு, குறுந்தொழில்களுக்கு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அரசுப் பதிவு இதுதான். ஆதாரும் பானும் போதும், காகிதம் எதுவும் ஏற்ற வேண்டாம், அரசு இணையதளத்தில் கட்டணமே இல்லை. அரசுத் தளம் போலவே தோற்றமளித்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பணம் கேட்டால் மூடிவிடுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவையும் உங்கள் பெயரில் புதிதாகவே எடுங்கள். அந்த 14 இலக்க எண்ணுடன், தயாரிப்பவர் பெயர், முகவரி, எடை, பாக்கெட் செய்த தேதி, விலை, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி எல்லாம் பொடிப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். நீங்கள் இப்போது ஒட்டும் லேபிளில் கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி அந்த இளைஞர் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். ஜிஎஸ்டி இல்லாமல் ஆன்லைனில் விற்கவே முடியாது, 8,000 கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்றாராம். உங்கள் ஆண்டு விற்பனை 7,20,000 ரூபாய். மகாராஷ்டிராவுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து நீங்களே கொடுத்தனுப்புவதால் அந்த விதி மாறாது. பெரிய ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பதற்கும், மாநிலத்துக்குள் மட்டும் என்றால், 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு வழி திறந்திருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். அரசுத் தளத்தில் ஜிஎஸ்டி பதிவுக்கும் கட்டணம் இல்லை, அந்த 8,000 அவருடைய கூலி.

ஆனால் அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். பெங்களூருக்கும் சென்னைக்கும் மாதம் மூன்று நாலு பொடிப் பார்சல் கூரியரில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், தொகை எவ்வளவு சின்னதானாலும், ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதட்டப்பட வேண்டாம். இப்போதைக்கு வெளிமாநில ஆர்டரை நிறுத்திவிடுங்கள். புனே, நாசிக், தாணே எல்லாம் மாநிலத்துக்குள்தான், அங்கே தாராளமாக அனுப்பலாம். வெளியூர் ஆர்டர் பெருகும் என்று நிச்சயமாகத் தெரியும்போது பதிவு எடுத்துக்கொள்ளலாம்.

மார்க்கெட்டிங்: ஆர்டர் குறைவா, கை குறைவா?

இனி அந்த 15,000 ரூபாய். உங்கள் கணக்குப்படி நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாய் நிற்கிறது. மாதம் 15,000 ரூபாயை ஈடுகட்டவே 50,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். அதாவது இப்போதைய விற்பனை கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும், அப்படி ஆனாலும் உங்கள் கைக்கு வருவது பழைய 18,000தான். இருக்கிற கிரைண்டரில், இருக்கிற இரண்டு கைகளில், அந்த மாவை யார் அரைப்பது? சனிக்கிழமை பத்துப் பேரைத் திருப்பி அனுப்புகிற கடைக்கு விளம்பரம் எதற்கு என்று யோசியுங்கள். ஆர்டர் வருகிறது, செய்து தர முடியவில்லை. உங்களுக்குத் தேவைப்படுவது பெரிய கிரைண்டரும், மதியம் நாலு மணி நேரம் உதவிக்கு ஓர் ஆளும்.

இட்லி மாவுக்கு ரீல்ஸ் பெரிதாக உதவாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மே மாத வெயிலில் மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாவு வாங்குகிறவர் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறவர். ஐம்பதாயிரம் பேர் ஒரு ரீலைப் பார்த்தாலும் திலக் நகரிலும் செட்டா நகரிலும் இருக்கும் இருநூறு வீடுகள்தான் உங்களுக்கு வேண்டும். அந்த வீடுகளை எட்டக் காசு செலவில்லாத வழிகள் இருக்கின்றன. கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். வீட்டு முகவரியைக் காட்டாமல், எந்தப் பகுதிகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் காட்டும் வசதியும் அதில் உண்டு. தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்களோ என்ற உங்கள் பயத்துக்கு அது போதும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். பொடி வகைகளைப் படத்தோடும் விலையோடும் கேட்டலாக்கில் போடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். பலர் மெசேஜே வரவில்லை என்று சொல்வதாக எழுதியிருந்தீர்களே, காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். மாவு கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லுங்கள்.

வளர்க்க வேண்டியது பொடியை. அது சீக்கிரம் கெடாது, கூரியரில் போகும், ஒரு நாள் உட்கார்ந்து செய்தால் ஒரு மாதம் விற்கலாம். நவராத்திரிக் கொலுவுக்கும் தீபாவளிக்கும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நம் வீடுகளுக்குச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகச் சேர்த்து ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள்.

300 ரிவ்யூ வாங்கித் தருகிறேன் என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூவைக் கூகுளின் விதிகள் அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் நீக்குவார்கள், பக்கத்தையே முடக்கவும் கூடும். வாங்குகிறவரை ஏமாற்றுவதும் ஆகும். ஏழு வருட வாடிக்கையாளர்களில் இருபது பேரிடம், தள்ளுபடி எதுவும் காட்டாமல், உள்ளபடி எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் நாலு நட்சத்திரம் கொடுத்து, மழைக்காலத்தில் மாவு சரியாகப் பொங்குவதில்லை என்று எழுதினாலும் பரவாயில்லை. அதைப் படிக்கிறவர் மற்ற பத்தொன்பதையும் நம்புவார்.

அவர் எடுத்த முதல் ரீலில் உங்கள் கருவேப்பிலைப் பொடி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று போட்டிருக்கிறாராம். அதை இன்றே நீக்கச் சொல்லுங்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தரவில்லை. அதிகாரிகள் தேடி வரப்போவது பதிவில் பெயர் இருப்பவரைத்தான். அதைவிட, யாராவது அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

ஒப்பந்தத்தில், எடுக்கும் படங்களும் வீடியோக்களும் ஏஜென்சிக்கே சொந்தம் என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்ன புகைப்படமும் வீடியோவும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்தவருக்கே சொந்தம். உங்களுக்கு இயல்பாக இருக்கும் அந்த உரிமையைத்தான் அந்த ஒரு வரி எடுத்துக்கொள்கிறது. கையெழுத்துப் போடாதது நல்லதாயிற்று. அவரிடம் நயமாகவே பேசுங்கள்: "தம்பி, ஆறு மாத ஒப்பந்தம் எனக்கு இப்போது முடியாது. கொடுத்த 5,000 ரூபாய்க்கு, தீபாவளிப் பெட்டிக்கு நாலு வீடியோ எடுத்துக் கொடு. இன்ஸ்டாகிராம் பக்கத்தை என் மெயிலுக்கும் என் நம்பருக்கும் மாற்று. கூகுளில் முதன்மை உரிமையாளர் நான், நீ மேனேஜராக இரு." இதற்கு ஒத்துக்கொண்டால் அவர் வேலை செய்ய வந்தவர்தான். முடியாது என்றால் 5,000 ரூபாயோடு விட்டுவிடுங்கள். பின்தொடர்பவர்கள் நாற்பது பேர் இருக்கும் பக்கம்தானே, உங்கள் மகளோடு உட்கார்ந்து புதிதாகவே தொடங்கிவிடலாம். யாருக்கும் பாஸ்வேர்ட் கொடுக்காதீர்கள்.

பாதியில் விட்ட பி.காம்.

இங்கே உங்களுக்கு இருக்கும் இரண்டு நம்பிக்கைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒன்று, புதிய கல்விக் கொள்கையால் பழைய இரண்டு வருடமும் அப்படியே சேர்ந்துவிடும், மூன்றாம் வருடம் மட்டும் படித்தால் போதும் என்பது. முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் எனும் மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் திட்டம் 2021இல்தான் வந்தது, அதில் சேமித்த கிரெடிட்டுகளுக்கும் அதிகபட்சம் ஏழு வருடம்தான் ஆயுள். நீங்கள் கல்லூரியை விட்டு இருபது வருடம் ஆகிவிட்டது. பழைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டம் இல்லை. ஆனால் முதல் வருடத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும் என்று மனதைத் தயார்செய்துகொண்டே திட்டம் போடுங்கள்.

இரண்டாவது, தபால் வழிப் படிப்புக்கு மதிப்பில்லை என்பது. முறையான அனுமதியோடு நடத்தப்படும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டங்களுக்குச் சமமானவை என்று 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தெளிவாகவே அறிவித்துவிட்டது. அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை நடத்தலாம் என்ற பட்டியல் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. போனில் கூப்பிடும் பெண் பல்கலைக்கழகத்தின் பெயரை மூன்று முறை கேட்டும் சரியாகச் சொல்லவில்லை என்கிறீர்கள். அது ஒன்றே போதும். தொலைநிலைப் படிப்பைப் பல்கலைக்கழகம் தானே நடத்த வேண்டும், வேறு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட அனுமதி இல்லை. சேருவதற்கு முன்னால் யுஜிசியின் அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் டெப் ஐடி என்று ஓர் எண்ணையும் மாணவர் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை, பான் கார்டைத்தான் முதலில் கேட்டார்.

அவர் "மாதத் தவணை" என்பது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். பணம் மொத்தமாக அவர்களுக்குப் போய்விடும். நாளை படிப்பு பிடிக்காமல் விட்டாலும், அவர்களே கடையை மூடினாலும், 24 மாதமும் நீங்கள் கட்ட வேண்டும். தவறினால் கடன் வரலாற்றில் ஏறும். கிரைண்டர் கடனுக்கு மறுபடி வங்கிக்குப் போகும்போது அதுதான் முன்னால் வந்து நிற்கும். ஓடிபி சொல்லாதீர்கள். ஆதாரும் பானும் ஏற்கெனவே போய்விட்டதால், உங்கள் பெயரில் கடன் எதுவும் திறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தெரியாத கடன் தென்பட்டால் உடனே அந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

சரி, எங்கே படிப்பது? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்டது, ஜனவரி, ஜூலை என்று வருடத்தில் இரண்டு முறை சேர்க்கை. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான், நீங்கள் பயப்படும் லட்சக் கணக்கு அங்கே இல்லை. மும்பைப் பல்கலைக்கழகமும் 1971 முதல் தொலைநிலைக் கல்வி நடத்துகிறது, கலினா வளாகத்தில். செம்பூரிலிருந்து சாந்தாகுரூஸ் இணைப்புச் சாலை வழியாகப் போய்விடலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே படிக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலை மையங்கள் அந்தந்த மாநிலத்துக்குள்தான் இயங்க முடியும். வகுப்புக்கும் தேர்வுக்கும் ஊருக்குப் போய்வர வேண்டும், உங்கள் மாவுக் கடைக்கு அது ஒத்துவராது. என் சிபாரிசு இக்னோ.

சேருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இக்னோவின் பாடப் புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வருடக் கணக்குப்பதிவியல் பாடத்தை இறக்கி ஒரு மாதம் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் படிக்க முடியுமா, மதியம் தூக்கம் வராமல் உட்கார முடியுமா என்பது காசு கட்டும் முன்பே தெரிந்துவிடும். அப்புறம், பெயர். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் என்று நம் பெண்கள் எல்லோருக்கும் இருக்கும் சிக்கல் உங்களுக்கும் இருக்கிறது. ஆதாரை வைத்து உருவாகும் ஐடிகளில் இது தகராறு செய்யும். திருமணச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள், தேவைப்பட்டால் பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் அறிவிப்பும் கொடுக்க வேண்டியிருக்கும். உத்யம் பதிவுக்கும் பானுக்கும் ஒரே பெயர் இருப்பது நல்லது என்பதால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறை சரிசெய்துவிடுங்கள்.

மகளுக்கும் மாமியாருக்கும்

மகள் சொல்வதில் பாதி சரி. வாடிக்கையாளருக்கு மராத்தியில், இந்தியில் மெசேஜ் எழுதவும், தீபாவளிப் பெட்டிக்கு நாலு வரி யோசிக்கவும் ஏஐயை நன்றாகப் பயன்படுத்தலாம். எழுதித் தந்ததை நீங்கள் படித்துத் திருத்தி அனுப்புங்கள், நோய் தீரும், எடை குறையும் என்று அதுவாகச் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். தேய்மானம் என்றால் என்ன, பற்று எங்கே, வரவு எங்கே என்று தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கவும் அது உதவும். அசைன்மென்டை மட்டும் நீங்களே எழுதுங்கள். நீங்கள் கற்றுக்கொள்ளத்தானே போகிறீர்கள்.

டிகிரி வந்தால் வருமானம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாவு விற்பனை அதனால் ஒரு கிலோகூடக் கூடாது. கடன் வாங்கவும் அது தேவையில்லை என்று பார்த்தோம். ஆனாலும் படியுங்கள் என்றுதான் சொல்வேன். இருபது வருடமாக மனதில் இருக்கும் ஆசை அது. கட்டணம் உங்கள் சம்பாத்தியத்துக்குள் அடங்குகிறது. ஒருவர் ஆசைப்பட்டதைப் படிப்பதற்கு லாப நஷ்டக் கணக்கு காட்ட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. மாமியார் கேட்டால் இதையே சொல்லுங்கள். சாயங்காலம் மாவு வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக் காசு எண்ணுகிறவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வு நேரத்தில் அவர் உதவி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும், அதனால் இப்போதே அவரையும் கூட உட்கார வைத்துத் திட்டம் போடுங்கள்.

ஆக 80,000 ரூபாயில், கிரைண்டருக்கு முன்பணமும் ஆறு மாதத்துக்கு உதவி ஆள் கூலியும் முதலில். லேபிள் மாற்றுவதற்குக் கொஞ்சம். இக்னோ முதல் வருடக் கட்டணத்துக்குச் சில ஆயிரம் எடுத்து வையுங்கள். 20,000 ரூபாயாவது தொடாமல் கணக்கில் இருக்கட்டும்.

நேரத்தையும் இப்படியே கணக்குப் போடுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று இக்னோ வைத்திருக்கிறது. ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரே ஒரு பாடத்துக்கு ஆறு மாதம் ஆகும். மூன்று வருடத்தில் முடித்தே தீர வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லை, நிதானமாகப் படிப்பவர்களுக்கு அவகாசம் தருகிறார்கள். உதவிக்கு ஆள் வந்த பிறகு மதியம் இரண்டு மணி நேரத்தைப் படிப்புக்கென்று ஒதுக்குங்கள். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். அந்த வாரங்களில் மாவு இல்லை, பொடி மட்டும்தான் என்று ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். காரணத்தையும் எழுதுங்கள். மாவு கிடைக்காத கோபம் யாருக்கும் வராது.